எட்டாவது நாற்காலி

…சால்வை போடுவார்கள், கேடயம் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் பிரியாணி, இவ்வளவுதானே மகள் சொன்னாள், அழைப்பிதழிலும் அவ்வளவுதானே போட்டிருந்தது, கொடிநாளை முன்னிட்டு முன்னாள் படைவீரர்களுக்குச் சிறப்புச் செய்தல் என்று, சிறப்புச் செய்வதென்றால் காலைக் கழுவுவது என்று யாருக்குத் தெரியும்? யோகலட்சுமி மடியில் கிடந்த அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஒரு சிலுவையும் பல்கலைக்கழகத்து முத்திரையும்தான். மேடையில் மைக்கைப் பிடித்த பெண்பிள்ளை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, ஏசுசாமி சாகிறதுக்கு முந்தின நாள் தன்கூட இருந்த பன்னிரண்டு பேருக்கும் முட்டி போட்டுக் காலைக் கழுவிவிட்டாராம், அதனால்தான் இங்கேயும் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பட்டாளத்துக்காரர்கள், நமக்காகப் பனியிலும் மணலிலும் நின்ற கால்களை நம் துணைவேந்தர் அருட்தந்தை அவர்களே கழுவி மரியாதை செய்வார்கள், வீரர்கள் தயவுசெய்து காலணிகளைக் கழற்றவும்… காலணிகளைக் கழற்றவும். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வா என்பதுபோல அந்தப் பிள்ளை அதைச் சொல்லிவிட்டது. இடமிருந்து எட்டாவது நாற்காலியில் ஐயனார் இருந்தார், அவள் புருஷன், நாயக் ஐயனார், ஓய்வு, மார்பில் மூன்று பதக்கம், காலில் கறுப்பு ஷூ, பார்வை நேரே. மற்ற பதினோரு பேரும் குனிந்து ஷூக் கயிற்றையும் செருப்பு வாரையும் அவிழ்க்க, அவர் மட்டும் குனியவில்லை.

பத்தொன்பது வருஷம். பத்தொன்பது வருஷமாக அந்த இடது கால் வெளியே வந்ததை ஊரில் ஒருத்தர் பார்த்ததில்லை. புதுவயலில் அவளுக்கும் அவருக்கும் ஒரே அரிசி ஆலையில்தான் வேலை, அவளுக்குக் களத்தில், அவருக்குக் கேட்டில். அவித்த நெல்லைப் பரப்பிய களத்தில் செருப்புக் காலோடு யாரும் ஏறக்கூடாது, முதலாளியே வந்தாலும் ஓரத்தில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும், ஐயனார் களத்துப் பக்கமே வரமாட்டார், கேட்டோடு சரி, பாலிஷ் போட்ட ஷூவோடு நின்று லாரி நம்பரை எழுதுவார். கூட வேலை செய்கிற பொம்பளைகள், "என்ன யோகு, ஒங்க வீட்டுக் கலெக்டரு என்னைக்குக் களத்துல எறங்கப் போறாக?" என்று வாயைக் கிண்டுவார்கள், அவளும், "நீ கம்பளத்த விரிச்சு வையி, வருவாக" என்று சொல்லிவிட்டுக் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போவாள். கோயிலுக்கும் அவர் வரமாட்டார். மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூரில் விளக்குப் போட அவள் தனியாகத்தான் பஸ் ஏறுவாள். பட்டாளத்தில் மதம் மாறிவிட்டார் என்று ஒரு பேச்சு, பென்சன் வாங்குகிற திமிர் என்று ஒரு பேச்சு, இரண்டையும் அவள் மறுத்ததில்லை. கோயிலுக்குள் போனால் ஷூவைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் சங்கதி, அதைப் போய் எவளிடம் சொல்ல? இப்போது அந்தப் பிள்ளை மைக்கில் சொல்லிவிட்டது, ஆயிரம் பேருக்கு முன்னால்.

முதல் நாற்காலியில் சுபேதார் சேதுபதி. அவர் சம்சாரம் அக்கம்மாள் யோகலட்சுமிக்குப் பக்கத்து இருக்கை, காலையிலிருந்து வாய் ஓயவில்லை. துணைவேந்தரான பெரிய ஃபாதர் இடுப்பில் இருந்த சிவப்புப் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினார். எழுபது வயசுக்குக் குறையாது, கார் கதவைத் திறந்துவிட ஓர் ஆள், குடை பிடிக்க ஓர் ஆள், காலையில் அவர் உள்ளே நுழைந்தபோது அத்தனை பேராசிரியர்களும் எழுந்து நின்றார்கள், அந்த மனுஷர் இரண்டு மாணவிகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தைச் சுளித்து, மறு முழங்காலையும் ஊன்றி, சுபேதாரின் காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாரோ இல்லையோ, "ஐயையோ சாமி, வேணாஞ் சாமி" என்று சுபேதார் துள்ளி எழுந்து அவர் காலில் விழப் போக, இரண்டு தலையும் மோதி, தண்ணீர் ஜக்கு உருண்டு மேடை ஓரம் வரைக்கும் ஓடியது. அரங்கமே கொல்லென்று சிரித்தது. மூத்தவர்கள் நம் காலைத் தொட்டால் நம் ஆயுசு குறையும் என்று சின்ன வயசிலிருந்து பழகிய உடம்பு, அது எப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும்? "ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடிக்க வீட்டுல எந்திரிக்க மாட்டாக, இங்க பாரு ஆத்தா, கன்னுக்குட்டி கணக்கா துள்ளுறத" என்று அக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஃபாதர் நெற்றியைத் தடவிக்கொண்டே மைக்கை வாங்கி, "சுபேதார் சார், இது எங்க மேலிடத்து ஆர்டர், ரெண்டாயிரம் வருசமா மாத்தலை, நான் மீற முடியாது, நீங்க உட்காருங்க" என்றார். ஆர்டர் என்றதும் சுபேதார் விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். யோகலட்சுமி சிரிக்கவில்லை. அவள் கண் எட்டாவது நாற்காலியிலேயே இருந்தது. ஆர்டர்… அவருக்கும் அது ஆர்டர்தானா, அதையும் மீறுவாரா, எழுந்து வெளியே போய்விடுவாரா, போனால் பரவாயில்லை, போய்விடட்டும், பேசாமல் போய்விடுங்க, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போங்க…

அந்தக் காலை அவளே பார்த்தது ஒரே தடவைதான். மகள் நித்யஸ்ரீக்கு அப்போது மூன்று வயசு, சியாச்சின் பனிமலையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மாசம் கழித்து ஊர், வந்த அன்றைக்கு மத்தியானம் சாக்ஸோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வேர்த்துக் கொட்டுகிறதே, கழற்றிவிட்டு வெந்நீரில் துடைத்துவிடலாம் என்று அவளாகத்தான் சொம்பும் துணியுமாகப் போய் உட்கார்ந்தாள், சாக்ஸை உருவினாள், பனி தின்ற கால், கறுத்து, சிவந்து, மடிந்து, பாதம் பாதியிலேயே முடிந்து… ஐயோ என்று கத்திவிட்டாள். தெருவே திரும்புகிற மாதிரி ஒரு கத்தல். அவர் விழித்துக்கொண்டு உதைத்த உதையில் சொம்பு சுவரில் போய் அடித்தது. "தொடாத. இனிமே இதத் தொடாத" என்றார், அவ்வளவுதான், அதற்கு மேல் அன்றைக்கும் பேசவில்லை, என்றைக்கும் பேசவில்லை. ஓடிவந்த மாமியாரிடம் கொப்புளம் என்று சொன்னார், ஊருக்கு முழங்கால் வாதம் என்று சொன்னார். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே கழுவிக்கொள்வார், சித்திரை வெயிலிலும் கட்டிலில் சாக்ஸோடுதான் படுப்பார். அவள் சாக்ஸைத் துவைப்பாள். வலது கால் சாக்ஸ் முனையில் ஓட்டை விழும், இடது கால் சாக்ஸின் விரல் ஓரம் புதுசாகவே இருக்கும், அதைப் பிழியும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் நிற்கும். பழைய பனியனைக் கிழித்து, ஐந்து விரலும் நிறைகிற அளவுக்குச் சுருட்டி, தைத்து, குளியலறை ஜன்னலில் வைப்பாள், அவர் வந்து போன பிறகு அங்கே இருக்காது. அடைக்கத்தானே வேண்டும், ஷூவின் முனை மடங்கினால் ஊர் பார்க்குமே. நீ வைக்கிறாயா என்று அவர் கேட்டதில்லை, எடுத்தீர்களா என்று அவளும் கேட்டதில்லை. புருஷன் பெண்சாதி என்றால் இப்படியும் ஒரு பேச்சு உண்டு என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாற்காலி முடிந்து நாலாவது. ஒவ்வொருவருக்கும் அந்தக் கிழவர் எழுந்து, இரண்டடி நகர்ந்து, மறுபடி முட்டி போடுகிறார், சின்ன ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்த ஆளைக் கையாலேயே விலக்கிவிட்டார். யோகலட்சுமி தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலைப் பற்றி அவளுக்குத் தெரியும். விடிந்து போனால் பொழுது அடைகிற வரைக்கும் காலால்தான் வேலை, கொதிக்கிற சிமெண்டுக் களத்தில் வரிசை வரிசையாக நடந்து நெல்லைப் புரட்ட வேண்டும், குதிகால் பாளம் பாளமாக வெடித்து அதற்குள் உமி ஏறும், ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். கால் என்றால் உழைக்கிற சாமான், மண்வெட்டி மாதிரி, அதைப் போய் ஒருத்தர் இரண்டு கையிலும் ஏந்தி, பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற பதத்தில்… யார் வீட்டு ஆள், என்ன ஆட்கள் என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. இந்தச் சீமையில் தண்ணீர் கொடுக்கிறதுக்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிடுவார்கள். ஐந்தாவது ஆளுக்குச் சிலந்தி வலை மாதிரி நரம்பு சுருட்டிக்கொண்ட கால், ஆறாவது ஆளுக்கு நகமெல்லாம் மஞ்சளாய்க் கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது, கழுவி, துடைத்து, குனிந்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். முத்தம். "அடி ஆத்தி, வாயால தொடுறாகளே" என்று அக்கம்மாள் மூக்கின் மேல் விரலை வைத்தாள். யோகலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது, சாமி புறப்பாட்டில் தீவட்டி வெளிச்சம் முகத்தில் விழும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு, இங்கே சாமியும் இல்லை தீவட்டியும் இல்லை, ஒரு கிழவரும் பித்தளைத் தாம்பாளமும்தான், இது ஏன் இப்படிப் பண்ணுகிறது?

ஏழாவது. ஐயனார் இன்னும் குனியவில்லை. தையில் நித்யஸ்ரீக்குக் கல்யாணம், திருப்பத்தூர் மாப்பிள்ளை, மணையில் தாயும் தகப்பனும் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும், அதற்கு முன்னால் பாதபூசை, பெண்ணே பெற்றவர்கள் காலைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட வேண்டும். "தம்பி அருள்பாண்டியும் அவன் பெண்சாதியும் உக்காரட்டும், நான் வந்தவுகள கவனிக்கிறேன்" என்று ஐயனார் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாள் விடுவாளா? "பெத்த தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில சித்தப்பன எதுக்கு ஒக்கார வைக்கிறீக? என்ன கொறை அவுகளுக்கு, எங்க கிட்ட மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டாள், யோகலட்சுமி என்ன சொல்லுவாள், முழங்கால் வாதம், மடக்கி உட்கார முடியாது என்றாள். அந்தம்மாள் நம்பவில்லை. அதிலிருந்து இரண்டு நாள் நித்யஸ்ரீ சாப்பிடவில்லை, கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்பிப் போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். இங்கேதான் பி.காம் படித்தாள், பழைய மாணவி என்ற உரிமையில் அப்பா பேரைப் பட்டியலில் கொடுத்தவளும் அவள்தான். கால் கழுவுவார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தாளோ? சீ, அப்படி இருக்காது, இருக்குமோ? இப்போது இவர் எழுந்து போனால் இந்த ஆயிரம் பேரில் ஒருத்தராவது திருப்பத்தூர்க்காரர் இருக்கமாட்டாரா, கழற்றினாலும் பார்க்கமாட்டாரா, இந்தப் பக்கமும் கிணறு அந்தப் பக்கமும் கிணறு…

ஃபாதர் எட்டாவது நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டார். ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கழற்றுங்கள் என்று சொல்லவில்லை, தானாகக் கையை நீட்டவும் இல்லை, துண்டை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே காத்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி, எவ்வளவு நேரமானாலும் வரத்தானே போகிறது என்கிற மாதிரி. அந்த முழங்காலுக்கு எப்படி வலிக்கும், தரை என்ன பஞ்சா? ஐயனாரின் தாடை அசைவது இரண்டாவது வரிசையில் இருந்த அவளுக்குத் தெரிந்தது. பிறகு அவர் குனிந்தார். வலது கால் கயிறு, வலது ஷூ, வலது சாக்ஸ். இடது கால் கயிறு… யோகலட்சுமி அக்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியாது. இடது ஷூ வந்தது. சாக்ஸ் வந்தது. சாக்ஸுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துணிச் சுருள் விழுந்து மேடை ஓரம் வரைக்கும் உருண்டு வந்தது, அவள் தைத்த சுருள்தான், ஆனால் பாதிதான் இருந்தது, நடுவில் நேராக வெட்டி, வெட்டின இடத்தில் வேறு நூலால், ஆம்பளைத் தையலால், கோணல்மாணலாக மூட்டியிருந்தது. ஏன் பாதி? அவள் காலைப் பார்த்தாள். பெருவிரல் இருந்தது. அதற்குப் பக்கத்து விரலும் இருந்தது. மற்ற மூன்றும்தான் இல்லை. இரண்டு விரல் இருக்கிறது, நகத்தோடு, ஒழுங்காக வெட்டின நகத்தோடு, ஐந்தும் போய்விட்டதென்று இத்தனை வருஷமும் அவள் மனசுக்குள் வைத்திருந்தது எந்தக் கால்? ஒரு நொடி பார்த்து ஒரு கத்துக் கத்தினாளே, அந்த நொடியையே பத்தொன்பது வருஷமாகச் சுருட்டிச் சுருட்டித் தைத்துக்கொண்டிருந்தாளா? அத்தனை நாளும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு அதை வெட்டி, மறுபடி மூட்டி… எனக்கு ரெண்டு வெரலு இருக்குடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ஜக்கைப் பிடித்த மாணவி அப்படியே நின்றுவிட்டாள், தண்ணீர் வரவில்லை. முன் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "ஊத்தும்மா" என்றார் ஃபாதர், சாம்பாருக்குக் கரண்டி கேட்கிற குரலில், அவ்வளவு சாதாரணமாக. தண்ணீர் விழுந்தது. மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியேதான் இதற்கும், குதிகாலைத் தேய்த்தார், உள்ளங்காலைத் தேய்த்தார், இருக்கிற இரண்டு விரலின் இடுக்கில் விரலை விட்டுக் கழுவினார், இல்லாத மூன்று இடத்தையும் அதே நேரம் எடுத்து, அதே பதத்தில் கழுவினார், கூடுதலாக ஒரு தடவல் இல்லை, குறைவாகவும் இல்லை, கண்ணில் தண்ணீர் இல்லை, ஐயோ இல்லை. துடைத்தார். குனிந்து, தையல் தழும்பு ஓடுகிற அந்த ஓரத்தில் முத்தம் கொடுத்தார். இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு சாதாரணமாகச் செய்ய முடியுமா? யோகலட்சுமிக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது, யாரைக் கும்பிட, கிழவரையா, காலையா, தெரியவில்லை, கை மட்டும் தானாகக் குவிந்து நின்றது. அதே நேரத்தில் கோபமும் வந்தது. இதைத் தொடாதே என்று என்னிடம் சொன்னாரே. என் சாக்ஸா, என் துணியா, என் பத்தொன்பது வருஷமா, எதுவும் வேண்டாம், எங்கிருந்தோ வந்த ஒரு சாமியாருக்கு நீட்டிவிட்டார். இவருக்கு நான் யார்? அப்புறம் தானே தன்னைக் கேட்டாள், நான் ஐயோ என்றேனே, அந்தக் கிழவர் ஊத்தும்மா என்றாரே, வித்தியாசம் இவ்வளவுதானா? இவர் காலை மறைக்கவில்லையோ, என் அந்தக் கத்தலிலிருந்து தன்னை மறைத்துக்கொண்டிருந்தாரோ? ஃபாதர் எழுந்திருக்கத் தடுமாறினார். மாணவிகள் வருவதற்குள் ஐயனார் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார், தூக்குவதற்காக எழுந்து நின்றார், வெறுங்காலை ஈரத் தரையில் அழுத்தமாக ஊன்றி, எல்லோருக்கும் தெரிய.

மீதி நாலு பேர், சால்வை, கேடயம், நாட்டுப்பண், எதுவும் அவள் மனசில் நிற்கவில்லை. ஐயனார் படியிறங்கி அவள் வரிசைக்கு வந்தார். ஷூ இரண்டையும் கயிற்றைச் சேர்த்துக் கட்டிக் கையில் வைத்திருந்தார். அக்கம்மாள் எழுந்து வழிவிட்டு, "தம்பி, இப்படிக் காத்தாட ஒக்காருங்க" என்றாள், காலைப் பார்க்காதது போலவே பார்த்துவிட்டுச் சுபேதாரைத் தேடிப் போனாள், போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. ஐயனார் அந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

"சுடுதண்ணி வெளாவி வச்சிருக்காக" என்றார் ஐயனார். பெரிய அதிசயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். "பச்சத்தண்ணியா இருக்கும்னு நெனச்சேன்."

"ம்."

"அவருக்குக் கை நடுங்குச்சு. ஆனா பிடி விடல."

அவளுக்கு எத்தனையோ கேட்க வேண்டியிருந்தது. தையில் மணையில் உட்காருவீகளா, மகளுக்குப் போன் போடவா, அந்தச் சுருளை ஏன் வெட்டினதாகச் சொல்லவில்லை, இனிமேல் நான் தொடலாமா… கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "ஷூவப் போடலையா?"

"காயட்டும்."

இன்றைக்கு மட்டுமா, இனிமேலுமா, அந்த ஒரு வார்த்தையில் அவளால் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடம் அங்குட்டு என்று யாரோ கை காட்டினார்கள். ஐயனார் எழுந்து முன்னால் நடந்தார், அவள் கேடயத்தையும் சால்வையையும் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஆலையில் களத்து நடுவில், இரண்டு லாரி உறுமிக்கொண்டு நின்றாலும், வலது கால் ஷூ தட்டி இடது கால் ஷூ லேசாக இழுபடும் அந்தச் சத்தத்தை வைத்தே அவர் கேட்டில் நிற்கிறாரா, எடை மேடைப் பக்கம் போய்விட்டாரா என்று அவள் தலை தூக்காமலே சொல்லிவிடுவாள். இந்த வழுவழுப்பான தரையில் அந்த வெறுங்கால்களுக்குச் சத்தமே இல்லை. இழுப்பும் இல்லை, வேறு ஏதோ ஒரு நடை, கொஞ்சம் உள்ளே சாய்ந்து, பெருவிரலில் அழுத்தி, அவசரமில்லாமல், இதுவரைக்கும் அவள் பார்த்திராத ஆளின் நடை. கூட்டம் இடையில் புகுந்துகொண்டே இருந்தது, அவர் முன்னால் போகிறாரா இல்லையா என்று அவள் ஒவ்வோர் அடிக்கும் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டியிருந்தது.